டுரியான் துங்கலில் மண் சுமந்த கோலாலம்பூர் காப்பித்தான்

மலாக்காக்காரர்களுக்கு டுரியான் துங்கல் பழகிய ஊர். தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. பல்கலைக்கழகம் வந்த பிறகு வாடகை வீடுகளும் சாப்பாட்டுக் கடைகளும் பெருகி விட்டன. ஆனால் 170 ஆண்டுகளுக்கு முன்பு அந்த வட்டாரத்தில் ஈயம் தோண்டினார்கள். அது இன்று பலருக்கும் தெரியாத செய்தி. அப்படித் தோண்டிய சுரங்கம் ஒன்றில் 17 வயதுச் சீன இளைஞர் ஒருவர் நான்கு மாதம் கூலி வேலை செய்தார். அவர் பெயர் யாப் ஆ லோய். பின்னாளில் கோலாலம்பூரின் மூன்றாவது காப்பித்தான் சீனா ஆனவர் அவர்தான்.

கோலாலம்பூரின் வரலாற்றைக் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் இடத்தில் இருந்து தொடங்குவார்கள். அது சரிதான். ஆனால் அந்த ஊரைத் திறந்து விட்ட பணம் மலாக்காவில் இருந்து போனது. அந்த ஊரைத் தூக்கி நிறுத்திய மனிதர் மலாக்காவில் கரை இறங்கியவர். அவர் கைப்பிடித்த மனைவியும் மலாக்காப் பெண். அதனால் இந்தக் கதையை மலாக்காவில் இருந்து சொல்வதில் தவறு எதுவும் இல்லை.

யாப் ஆ லோய் பிறந்தது 1837ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் தேதி. தென் சீனாவின் குவாங்தோங் மாநிலம். ஹக்கா இனத்தவர். ஃபுய் சியூ வட்டாரத்துக்காரர். வீட்டில் வறுமை. ஊரில் பிழைக்க வழி இல்லை. 1854ஆம் ஆண்டு மக்காவ் துறைமுகத்தில் கப்பல் ஏறி மலாக்கா வந்து சேர்ந்தார். அதே காலத்தில் நாகப்பட்டினத்தில் இருந்து கப்பல் ஏறிய நம் முன்னோர்களின் கதைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அங்கேயும் வறட்சி, பசி, கடன். இங்கேயும் அதேதான்.

அவர் வந்து இறங்கிய மலாக்கா அப்போதே பழைய நகரம். 1781இல் கட்டப்பட்ட பொய்யாத விநாயகர் ஆலயம், தட்டார் தெருவில் அன்றும் இருந்தது. பக்கத்திலேயே கம்போங் கிளிங் பள்ளிவாசல். கொஞ்சம் தள்ளி செங் ஹூன் தெங் கோயில். ஈரன் தெருவில் பாபா தவுக்கேமார்களின் நீண்ட வீடுகள். ஆனால் அந்த நகரத்தில் புதிதாக வந்த ஒரு கூலிக்கு இடம் இல்லை. சொந்தக்காரர் ஒருவர் பிடித்துக் கொடுத்த வேலைதான் டுரியான் துங்கல் சுரங்க வேலை.

நான்கு மாதத்தில் அதை விட்டு விட்டார். அடுத்து கெசாங். அங்கே அவருடைய உறவினர் ஒருவர் சின்னக் கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் ஏறக்குறைய ஓராண்டு. பையன் இங்கே தேற மாட்டான் என்று நினைத்தார்களோ என்னவோ, சொந்தக்காரர்கள் அவரைச் சீனாவுக்கே திருப்பி அனுப்ப முடிவு செய்தார்கள். வழிச்செலவுக்குப் பணம் கொடுத்து, துணைக்கு ஓர் ஆளையும் சேர்த்துச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். சீனாவுக்குப் போகும் பாய்மரக் கப்பலுக்குக் காத்திருந்த நாளில் இளைஞர் சூதாட்டத்தில் உட்கார்ந்தார். இருந்த பணம் அத்தனையும் போயிற்று.

கப்பலும் போய்விட்டது. ஊருக்குத் திரும்ப முகம் இல்லை. கெசாங் கடைக்குப் போகவும் முகம் இல்லை. வடக்கே லுக்குட்டுக்குப் போனார். பின்னாளில் இதே மனிதர் கோலாலம்பூரின் மிகப் பெரிய சூதாட்டக் கொட்டகைக்குச் சொந்தக்காரர் ஆனார் என்பதையும் இங்கேயே சொல்லி விடலாம். சூதாட்டத்தில் யாருக்கு இலாபம் என்பதை அவர் சிங்கப்பூரிலேயே நன்றாகக் கற்றுக் கொண்டார்.

லுக்குட் இன்று நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் போகும் வழியில் இருக்கும் சின்ன ஊர். அன்று அது சிலாங்கூரைச் சேர்ந்தது. ராஜா ஜுமாட் என்பவரின் ஆட்சி. மேற்குக் கரையிலேயே ஒழுங்காக நடந்த ஈய வட்டாரம் என்று பெயர் வாங்கிய இடம். 1856இல் அங்கே போன யாப் ஆ லோய், சோங் சோங் எனும் சுரங்க முதலாளியிடம் சமையல்காரராகச் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் சுரங்கக் கூலிகளுக்குச் சோறு ஆக்கிப் போட்டார். இந்தச் சோங் சோங் எனும் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். மறுபடியும் வருவார்.

சேர்த்த காசில் பன்றி வியாபாரம் தொடங்கினார். பன்றியைக் கொண்டு போய்ச் சுரங்கத்தில் கொடுப்பது. பணத்திற்குப் பதிலாக ஈய மண்ணை வாங்கிக் கொள்வது. அதைக் கொண்டு வந்து விற்பது. இரண்டு பக்கமும் இலாபம். அந்த வியாபாரம்தான் அவரைச் சுங்கை ஊஜோங் வரைக்கும் கொண்டு போனது. இன்றைய சிரம்பான், ராசா பக்கம்.

சுங்கை ஊஜோங்கில் சீனர்களின் காப்பித்தானாக இருந்தவர் ஷின் காப். காப்பித்தான் என்றால் வெறும் தலைவர் இல்லை. வரி வாங்குவது, வழக்குத் தீர்ப்பது, சண்டை வந்தால் ஆள் திரட்டுவது எல்லாமே அவர் பொறுப்பு. அவருடைய தளபதி லியு நிம் கோங். அந்தத் தளபதிக்கு உதவியாளராகச் சேர்ந்தார் யாப் ஆ லோய். சமையல்காரர் இப்போது சண்டைக்காரர் ஆகி விட்டார்.

1860இல் ஈய வரி தொடர்பாக அங்கே சண்டை மூண்டது. ஷின் காப் பிடிபட்டார். தலை துண்டிக்கப்பட்டது. கழுத்தில் இருந்து வெள்ளை இரத்தம் வந்ததாக ஒரு நம்பிக்கை பரவியது. நம்ம ஊர்களில் அநியாயமாகச் செத்தவர்களைக் காவல் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது போல, ஷின் காப்பும் சின் சே யா எனும் தெய்வமானார். யாப் ஆ லோய் காயத்தோடு காட்டுக்குள் தப்பினார். சண்டை ஓய்ந்த பிறகு 1861இல் சுங்கை ஊஜோங்கின் காப்பித்தான் பதவி அவருக்கே வந்தது. யாப் ஆ ஷாக் எனும் வசதியான சுரங்க முதலாளிக்குக் கிடைத்த பதவி அது. அவர் விட்டுக் கொடுத்தார். அப்போது யாப் ஆ லோய்க்கு வயது 24.

இனி கோலாலம்பூருக்குப் போவோம்.

1857ஆம் ஆண்டு. கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லாவும் அவருடைய சகோதரர் லுக்குட் ராஜா ஜுமாட்டும் ஆற்றின் மேல்பகுதியில் ஈயம் தேட முடிவு செய்தார்கள். அதற்குப் பணம் வேண்டும். மலாக்கா வணிகர்கள் சீ யாம் சுவான், லிம் சே ஹோ இருவரும் 30,000 டாலர் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. லுக்குட்டில் இருந்து 87 சீனத் தொழிலாளர்கள் படகில் கிளம்பினார்கள். ஆறுகள் சேரும் இடத்தில் இறங்கிக் காட்டு வழியாக அம்பாங் போய்ச் சேர்ந்தார்கள்.

ஒரே மாதம்தான். 87 பேரில் 69 பேர் இறந்து போனார்கள். மிஞ்சியவர்கள் 18 பேர். புலி அடிக்கவில்லை. யாரும் வெட்டவில்லை. மலேரியாக் காய்ச்சல். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதே 1897இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. காட்டை வெட்டினால் காய்ச்சல் வரும் என்பது மட்டும்தான் அன்றைக்குத் தெரியும். ரப்பர் தோட்டம் போடக் காடு அழித்த நம் பாட்டன்மார்களும் அதே காய்ச்சலில்தான் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். 69 பேர் செத்த பிறகு மலாக்காத் தவுக்கேமார்கள் கைவிட்டார்களா? இல்லை. மேலும் 150 பேரை அனுப்பினார்கள். 1859இல் அம்பாங் ஈயம் முதன்முறையாக ஏற்றுமதி ஆனது. செத்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. கொடுத்த கடனுக்குக் கணக்கு இருக்கிறது.

அம்பாங் சுரங்கங்களுக்கு அரிசி, எண்ணெய், கருவாடு வேண்டும். படகு போகக் கூடிய கடைசி இடம் ஆறுகள் சேரும் அந்தச் சேற்றுக் கரைதான். அங்கே கடைகள் முளைத்தன. மண்டைலிங் வணிகரான சூத்தான் புவாசா அந்தப் பக்கத்தில் முன்பே இருந்தவர். அவர்தான் லுக்குட்டில் இருந்து ஹியூ சியூ எனும் சீன வணிகரை அழைத்து வந்தார் என்பார்கள். ஹியூ சியூ முதல் காப்பித்தான் ஆனார். இப்படித்தான் ஊர் பிறந்தது. அத்தாப்புக் கூரை. பலகைச் சுவர். மழை பெய்தால் முழங்கால் சேறு. கடை, கொட்டகை, சூதாட்டம், அபின், சாராயம். பெண்கள் மிகக் குறைவு.

ஹாலிவுட் கௌபாய் படங்களில் வருமே, அந்த மாதிரி ஊர். அமெரிக்காவின் டக்கோட்டாவில் டெட்வுட் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1876இல் தங்கம் கிடைத்ததால் ஒரே ஆண்டில் முளைத்தது. சூதாட்ட விடுதியில் துப்பாக்கிச் சூடு, சட்டம் இல்லாத தெரு, தோண்ட வந்த சீனர்கள் கூட உண்டு. 1879இல் தீப்பிடித்து எரிந்தது. 1883இல் வெள்ளம் அடித்துப் போனது. கோலாலம்பூருக்கும் அதே தீ, அதே வெள்ளம், ஏறக்குறைய அதே ஆண்டுகளில் வந்தன. தங்கத்திற்குப் பதில் இங்கே ஈயம், அவ்வளவுதான். டெட்வுட் இன்றும் சின்ன ஊராகவே இருக்கிறது. கோலாலம்பூர் தலைநகரம் ஆனது. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, தோற்ற பிறகும் திரும்பி வந்த ஒரு மனிதர்.

ஹியூ சியூ இறந்ததும் இரண்டாவது காப்பித்தான் ஆனவர் பழைய தளபதி லியு நிம் கோங். அவர் அழைத்ததால் 1862இல் யாப் ஆ லோய் கோலாலம்பூர் வந்தார். தலைவரின் சுரங்கங்களைப் பார்த்துக் கொண்டார். சில ஆண்டுகளில் சொந்தமாகச் சுரங்கம், மருந்துக் கடை. சுங்கை ஊஜோங்கில் தலை இழந்த ஷின் காப்புக்குக் கோயிலும் வைத்தார். 1865இல் திருமணம். மணப்பெண் கோக் காங் கியோன், மலாக்காவைச் சேர்ந்தவர். கணவரின் வணிகத்திலும் துணை நின்ற பெண்மணி. காய்ச்சலும் சண்டையும் நிறைந்த ஓர் ஊருக்கு மலாக்காவில் இருந்து மருமகளாகப் போவது என்றால் அதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். அந்த அம்மாவைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை.

1868இல் லியு நிம் கோங் காலமானார். அடுத்த காப்பித்தான் யாப் ஆ லோய். உடனே ஒரு போட்டியாளர் கிளம்பினார். அவர் வேறு யாரும் இல்லை. லுக்குட்டில் சமையல் வேலை கொடுத்த அதே சோங் சோங். தன்னிடம் சோறு ஆக்கியவன் தனக்கு மேலே போய்விட்டான் என்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. காஞ்சிங் வட்டாரத்தில் இருந்த காயிங் சியூ ஹக்காக்களோடு சேர்ந்து கொண்டார். 1869இல் யாப் ஆ லோயின் நெருங்கிய கூட்டாளி யாப் சே, காஞ்சிங் பக்கம் கொல்லப்பட்டார். இரண்டு ஹக்காக் கூட்டங்களுக்கு இடையே பழிக்குப் பழி தொடங்கியது.

இதே நேரத்தில் சிலாங்கூரின் அரச குடும்பத்துக்குள்ளும் சண்டை. கிள்ளான் ஆற்று வாயை யார் பிடித்திருக்கிறாரோ அவருக்குத்தான் ஈய வரி. சண்டைக்குக் காரணம் அதுதான். 1867இல் ராஜா மஹ்டி கிள்ளானைப் பிடித்தார். ராஜா அப்துல்லா மலாக்காவுக்கு ஓடி வந்து, மலாக்காவிலேயே காலமானார். சிலாங்கூர் சுல்தானின் மருமகன், கெடா இளவரசர் துங்கு குடின், ராஜா மஹ்டிக்கு எதிராக நின்றார். ராஜா மஹ்டி பக்கம் சைட் மஷோர் எனும் பெரிய வீரர். சைட் மஷோரோடு சோங் சோங்கும் சேர்ந்தார். அதனால் யாப் ஆ லோய் துங்கு குடின் பக்கம். மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் நடந்த சண்டை என்று இதைச் சிலர் சொல்வார்கள். அது தவறு. இரண்டு பக்கத்திலும் மலாய்க்காரர்கள் இருந்தார்கள். இரண்டு பக்கத்திலும் சீனர்கள் இருந்தார்கள். சண்டை வரிக்கும் ஈயத்துக்கும்தான்.

1870இல் அம்பாங் வழியாகத் தாக்கினார்கள். யாப் ஆ லோய் தடுத்தார். 1871இல் மறுபடியும் தாக்கினார்கள். அதையும் தடுத்தார். சுரங்க வேலை நின்று போனது. வேலை இல்லாத கூலிகளுக்குச் சோறு போட வேண்டும். சண்டைக்கு ஆள் பிடிக்க வேண்டும். துப்பாக்கி, வெடிமருந்து வாங்க வேண்டும். எதிரியின் தலையைக் கொண்டு வருபவனுக்குப் பணம் கொடுத்தார் என்பதும் உண்மை. அவருடைய வீட்டில் மேசை மேல் வெள்ளிக் காசுகளை அடுக்கி வைத்துக் கொண்டு கணக்குத் தீர்த்த கதைகளைச் சீனக் கிழவர்கள் வெகு காலம் சொல்லிக் கொண்டிருந்தார்கள்.

1872 ஆகஸ்ட் மாதம் கோலாலம்பூர் விழுந்தது. ஊரைச் சுற்றி வளைத்து விட்டார்கள். புக்கிட் நானாஸ் குன்றில் இருந்த துங்கு குடினின் படை, ஐரோப்பிய அதிகாரிகள் தலைமையில் தப்பிக்கப் பார்த்தது. வழியில் சிக்கி அழிந்தது. யாப் ஆ லோய் இரவோடு இரவாகக் கிள்ளானுக்குத் தப்பினார். பின்னால் ஊர் எரிந்தது.

அவருக்கு அப்போது வயது 35. கையில் ஊர் இல்லை. சுரங்கம் இல்லை. தலைக்கு மேல் கடன். கிள்ளானில் இருந்து மலாக்காவுக்குப் படகு ஏறியிருந்தால் மனைவியின் சொந்த ஊரில் மிச்சக் காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் படகு ஏறவில்லை. கடனுக்கு மேல் கடன் வாங்கினார். ஆள் திரட்டினார். துங்கு குடின் பகாங் உதவியைக் கேட்டுப் பெற்றார். 1873 மார்ச் மாதம் பகாங் படையும் யாப் ஆ லோயின் ஆட்களும் சேர்ந்து கோலாலம்பூரைத் திருப்பிப் பிடித்தார்கள்.

பிடித்தது ஊரை அல்ல. சாம்பலை.

சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. வீடுகள் இல்லை. மிஞ்சிய தொழிலாளர்கள் வேறு இடம் பார்த்துக் கிளம்பத் தயாரானார்கள். அந்த நேரத்தில் காப்பித்தானும் கிளம்பியிருந்தால் ஆறுகள் சேரும் அந்த இடத்தைக் காடு மூடியிருக்கும். மலாயாவில் அப்படி மூடிப் போன ஈய ஊர்கள் எத்தனையோ. யாப் ஆ லோய் மறுபடியும் கடன் வாங்கிக் கூலிகளைக் கூப்பிட்டார். சுரங்கத் தண்ணீரை இறைத்தார். காடு அழித்து விவசாயமும் செய்தார். மலாக்காவில் அப்போது சீனர்கள் மரவள்ளித் தோட்டம் போட்டுப் பணம் பார்த்துக் கொண்டிருந்த காலம். அவரும் மரவள்ளி பயிரிட்டு மாவு ஆலை வைத்தார். பெட்டாலிங் ஸ்திரீட்டுக்குச் சீனர்கள் இன்றும் சொல்லும் பெயர் மாவு ஆலைத் தெரு என்பதுதான்.

ஆனால் ஈய விலை விழுந்து கொண்டே போனது. 1878 வாக்கில் அவர் ஓட்டாண்டி ஆகும் நிலை. கடன்காரர்கள் நெருக்கினார்கள். 1879இல் விலை திடீரென்று ஏறியது. அதுதான் அவரைக் காப்பாற்றியது. ஈயம் எதற்கு? டின்னில் அடைத்த மீனும் இறைச்சியும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருகி வந்த காலம். தகரத்துக்கு ஈயப் பூச்சு வேண்டும். நியூயார்க்கில் ஒருவர் டின் மீன் வாங்கினால் அம்பாங்கில் ஒரு கூலிக்கு வேலை கிடைக்கும். ரப்பர் விலை ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்த தோட்டத்து மக்களுக்கு இதை விளக்கத் தேவை இல்லை.

அவர் எப்படிப் பணம் பண்ணினார் என்பதையும் மறைக்கக் கூடாது. சுரங்கம் தோண்டுவதில் மட்டும் பெரிய இலாபம் இல்லை. கூலிக்கு முன்பணம் கொடுப்பார்கள். அவனுக்கு வேண்டிய அரிசி, எண்ணெய், புகையிலை, அபின் எல்லாம் முதலாளியின் கடையில்தான். விலையும் முதலாளி வைத்த விலைதான். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் கூலியின் பெயரில் கடன் நிற்கும். மிச்சம் இருந்தால் சூதாட்டக் கொட்டகை வாங்கிக் கொள்ளும். அந்தக் கொட்டகையும் முதலாளியுடையது. பிற்காலத்தில் தோட்டங்களில் கங்காணிக் கடைப் பற்று எழுதியது போலத்தான் இதுவும். அபினால் அழிந்த குடும்பங்கள் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. கோலாலம்பூரின் மண் சாலைகளையும் மருத்துவ உதவியையும் கோயிலையும் கட்டியது அந்தப் பணம்தான். இரண்டையும் சேர்த்துத்தான் அந்த மனிதரைப் பார்க்க வேண்டும்.

ஊருக்குள் சட்டம் என்றால் காப்பித்தான் சொல்தான். சிறைச்சாலை கட்டினார். ஆறே காவலர்களை வைத்துக் கொண்டு ஊரை அடக்கினார். முதல் முறை திருடினால், திருடிய பொருளை முதுகில் கட்டித் தெருத் தெருவாக ஊர்வலம். இரண்டாவது முறை காது போகும். மூன்றாவது முறை உயிர். கொடுமையான சட்டம்தான். ஆனால் சுரங்கத்தில் இருந்து ஈயத்தைச் சுமந்து வருபவன் பயம் இல்லாமல் ஊர் வந்து சேர்ந்தான். 1878இல் வில்லியம் ஹார்னடே எனும் அமெரிக்க இயற்கையாளர் விலங்குகளைத் தேடிச் சிலாங்கூர் வந்தார். யாப் ஆ லோயைச் சந்தித்தார். தாம் கண்டதைத் தமது பயண நூலில் எழுதி வைத்தார். சொந்த நாட்டின் முரட்டு ஊர்களை அறிந்தவருக்கு இந்த ஊர் விசித்திரமாகத் தெரிந்திருக்காது.

1880இல் ஆங்கிலேய ரெசிடென்ட் தம் அலுவலகத்தைக் கிள்ளானில் இருந்து கோலாலம்பூருக்கு மாற்றினார். ஊர் பிழைத்துக் கொண்டது என்பதற்கு அது சாட்சி. யாப் ஆ லோயின் அதிகாரம் குறையத் தொடங்கியதும் அன்றுதான். தீர்ப்புச் சொல்ல நீதிபதி வந்தார். வரி வாங்க அதிகாரி வந்தார்.

1881 ஜனவரி மாதம் பெரும் தீ. அபின் கடை ஒன்றில் விளக்கு சாய்ந்ததில் தொடங்கியதாகச் சொல்வார்கள். அத்தாப்புக் கூரைகள் வரிசையாக எரிந்தன. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம். எரிந்தது போக மிஞ்சியதில் ஒரு பகுதியைத் தண்ணீர் கொண்டு போனது. மூன்றாவது முறையாக ஊரைக் கட்ட வேண்டிய நிலை. 1882இல் ரெசிடென்ட் ஆன பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிமேல் செங்கல் சுவர், ஓட்டுக் கூரை என்று கட்டாயம் ஆக்கினார். தெருக்களை அகலப்படுத்தச் சொன்னார். ஊரின் பெரும் பகுதி நிலமும் வீடுகளும் யாப் ஆ லோயுடையவை. இடிக்க வேண்டியதும் அவருடையதுதான். கட்ட வேண்டியதும் அவரேதான். செங்கல் சூளை வைத்தார். சூளைகள் இருந்த அந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ்.

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் தமிழர்களுக்கு வேறு நினைவுகள் வரும். பூக்கடை, தோசை, ரயில்வே குவார்ட்டர்ஸ். அங்கே செங்கல் வெந்த பிறகுதான் ரயில் வந்தது. ரயிலோடு தமிழர்களும் இலங்கைத் தமிழர்களும் பெருமளவில் வந்தார்கள். தண்டவாளம் போட்டவர்கள் நம்மவர்கள். நிலையங்களில் எழுத்தராக உட்கார்ந்தவர்களும் நம்மவர்கள். கிள்ளான் பக்கத்தில் இருந்து கோலாலம்பூருக்கு முதல் ரயில் ஓடியது 1886 செப்டம்பரில். அதைப் பார்க்க யாப் ஆ லோய் இல்லை.

1885ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி அவர் காலமானார். நுரையீரல் நோய். வயது 48. அடுத்த காப்பித்தான் யார் தெரியுமா? சுங்கை ஊஜோங்கில் 24 வயது இளைஞருக்குப் பதவியை விட்டுக் கொடுத்த அதே யாப் ஆ ஷாக்.

கோலாலம்பூரை நிறுவியவர் யார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. சிலர் ராஜா அப்துல்லா என்கிறார்கள். சிலர் சூத்தான் புவாசா என்கிறார்கள். சீனர்கள் யாப் ஆ லோய் என்கிறார்கள். பாடநூல்களில் அவருக்கு எத்தனை வரி என்பது வரைக்கும் வாக்குவாதம் நடந்திருக்கிறது. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சிக்கல் இல்லை. அவர் 1862இல் வந்தபோது ஊர் ஏற்கெனவே இருந்தது. இரண்டு காப்பித்தான்களைப் பார்த்து விட்டது. ஆகவே நிறுவியவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் 1873இல் அந்த ஊர் சாம்பலாகக் கிடந்தபோது அதை விட்டுப் போகாதவர் அவர். நிறுவியவர் என்ற பெயரை யாருக்குக் கொடுத்தாலும், இதை அவரிடம் இருந்து எடுத்து விட முடியாது. அம்பாங்கில் ஒரே மாதத்தில் செத்துப் போன அந்த 69 பேரையும் இந்தச் சண்டையில் யாரும் சேர்த்துக் கொள்வதில்லை.

அவர் பெயரில் கோலாலம்பூரில் ஒரு தெரு இருக்கிறது. மிகச் சின்னத் தெரு. பழைய சந்தைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில். நடந்தால் ஓரிரு நிமிடத்தில் முடிந்து விடும். ஒரு காலத்தில் அந்தச் சதுக்கம் முழுவதும் அவருடைய சந்தையும் சூதாட்டக் கொட்டகையும்தான்.

தைப்பூசத்துக்கு மலாக்காவில் இருந்து பேருந்து பிடித்துப் போகிறவர்கள், வெள்ளி ரதம் புறப்படும் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்துக்கும் போவார்கள். துன் எச்.எஸ். லீ சாலையில் இருக்கும் ஆலயம். 1873இல் வேறோர் இடத்தில் தொடங்கி, 1885இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. யாப் ஆ லோய் ஊரை மீட்ட ஆண்டும், அவர் இறந்த ஆண்டும் அதே இரண்டு ஆண்டுகள்தான். அங்கிருந்து சில நிமிடங்கள் நடந்தால் லெபோ பூடு பக்கம், கடைகளுக்குப் பின்னால், கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருக்கும் ஒரு சீனக் கோயில். சின் சே சி யா கோயில். நடுச் சன்னிதியில் இருவர். ஒருவர் சுங்கை ஊஜோங்கில் தலை இழந்த ஷின் காப். மற்றவர் காஞ்சிங் பக்கம் கொல்லப்பட்ட யாப் சே. இருவருக்கும் கோயில் எழுப்பியவரின் படம் பக்கத்துச் சன்னிதியில் இருக்கிறது. அவருக்கும் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள்.